சன்னலோரத்தில் ஓர் ஆர்க்கிட்

கிடர்பூரில் துறைமுகத்தை அண்டிக் குடியிருக்கும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் முற்றம் இல்லை. வெயிலும் எட்டிப் பார்ப்பதில்லை. துளசியே வாடிவிடும் அவ்விடத்தில் ஆர்க்கிட் வளர்ப்பதா என நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், ஹுக்ளியின் அக்கரையில், 1787ஆம் ஆண்டில் ராபர்ட் கிட் என்பாரின் முயற்சியால் தோன்றிய சிப்பூர்த் தாவரத் தோட்டம் ஆர்க்கிட் ஆராய்ச்சிக்குப் பெயர்போனது. ஜார்ஜ் கிங்கும் ராபர்ட் பாண்ட்லிங்கும் எழுதிய சிக்கிம் இமாலய ஆர்க்கிட்களைப் பற்றிய பெருநூல் 1898இல் அத்தோட்டத்தின் வெளியீடாகவே வந்தது.

மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஆர்க்கிட்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இன்றேல் அவை பூப்பதில்லை. நாம் கருதும் லுடிசியா டிஸ்கலர் அவ்வினத்தது அன்று. தென்சீனம், வியட்நாம், மலாயா ஆகிய நாடுகளின் காட்டு நிழலில், உதிர்ந்த இலைகளின் மட்கில் படர்வது. கருஞ்சிவப்பு வெல்வெட்டில் செம்பொன் இழை ஓடவிட்டாற்போன்ற இலைகளே இதன் அழகு. குளிர்காலத்தையொட்டி வெண்ணிறச் சிறுபூக்கள் தோன்றும். பூவுக்காகவே செடி வளர்ப்போர் இதனை மதியாதிருக்கலாம். சில வாரப் பூவினும் ஆண்டு முழுதும் நிற்கும் இலையே மேல் என்பது என் எண்ணம்.

தண்டு படர்வதால், ஆழமற்ற அகன்ற மண்தொட்டியே ஏற்றது. அடியில் உடைந்த செங்கல்லை இட்டு, இலைமட்கு, தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. தோட்டத்து வண்டல் மண் வேண்டா. அது நீரைப் பிடித்துவைத்து வேரை மூச்சுமுட்டச் செய்யும். தொடக்கக்காரர் கையில் இச்செடி மாய்வது பெரும்பாலும் தாகத்தால் அன்று, மிகுநீரால்தான். மேற்பரப்பு காய்ந்த பின்னரே நீர் ஊற்றுக. கல்கத்தாவின் மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும். அப்போது ஊற்றுவதை வெகுவாகக் குறைத்து, காற்றோட்டம் தருக. சித்திரை, வைகாசி வெயில் நேரே பட்டால் இலை வெளிறிக் கருகும். மார்கழி, தை இரவுகளில் திறந்த சன்னலினின்றும் தொட்டியை உள்ளே நகர்த்துக.

இதற்கு உறவான அனெக்டோகிலஸ் இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் இலங்கைக் காடுகளிலும் உள்ளன. அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் வளர்ப்பதற்குக் கடினமானவை. காட்டிலிருந்து பறித்து விற்கப்படும் அவற்றை வாங்குதல் தகாது. பறிக்கப்பட்ட செடி நம் வீட்டில் மாய்வது ஒருபுறம். காடும் அதனை இழக்கிறது. பண்ணையில் பெருக்கிய செடியையே கேட்டு வாங்குக.

வாங்கவும் வேண்டா, அண்டை வீட்டில் ஒரு செடி இருந்தால். தண்டு எளிதில் முறியும். மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டினை ஆனி மாதத்தில் ஈரமட்கின் மேல் கிடத்தி, நிழலில் வையுங்கள். சில வாரங்களில் கணுவில் வேர் இறங்கும்.