ஸ்டாண்டுக்கு எந்தக் குழாய்?

பெஞ்ச் கிரைண்டருக்கு வீட்டிலேயே ஸ்டாண்ட் செய்ய நினைப்பவர் இரும்புக் கடையில் பெரும்பாலும் "நல்ல கனமான டியூபா கொடுங்க" என்றுதான் கேட்பார். கடைக்காரருக்கு அதில் நஷ்டமில்லை. இரும்பு எடைக்குத்தான் விற்கிறது.

கால் நசுங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். 2 மி.மீ. தடிப்புள்ள 40×40 சதுர டியூபின் வெட்டுமுகத்தில் ஏறக்குறைய 300 சதுர மி.மீ. இரும்பு இருக்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு 20 கிலோ என்று குறைத்தே கணக்கிட்டாலும், நேர் அழுத்தத்துக்கு ஒரு கால் ஆறு டன் தாங்கும். கிரைண்டரின் எடை அதில் தூசு. ஸ்டாண்டைக் கெடுப்பது ஆட்டம்தான்.

ஆடாமல் நிற்பதற்கு, எவ்வளவு இரும்பு என்பதைவிட அது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே முக்கியம். 25×25 டியூப், தடிப்பு 3 மி.மீ.: மீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. 40×40 டியூப், தடிப்பு 1.6 மி.மீ.: மீட்டருக்கு 1.9 கிலோதான். ஆனால் வளையாமல் நிற்பதில் இரண்டாவது, முதலாவதைப்போல் 2.8 மடங்கு. காசும் குறைவு, விறைப்பும் கூடுதல்! 'ஹை டென்சைல்' ரகத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதும் இங்கே வீண். முறியும் வலு ரகத்துக்கு ரகம் மாறும். வளையும் அளவு எல்லா எஃகிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்படியானால் தடிப்பை எதுவரை குறைக்கலாம்? அதற்கு எல்லை போடுவது சுமையல்ல, வெல்டிங். 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகட்டில் ராடு வைத்துப் பழகாதவர் கை ஒரு நொடி தாமதித்தால் ஓட்டை விழும். 16 கேஜுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். புதியவருக்கு 14 கேஜ், ஏறக்குறைய 2 மி.மீ., 2.5 மி.மீ. ராடோடு தோதாக இருக்கும். என் ஓட்டு அதற்கே.

மிஞ்சிக் கிடக்கும் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். உருண்டைக் குழாயோடு உருண்டைக் குழாயைச் சேர்க்க முனையை மீன்வாய்போல் வளைவாக வெட்ட வேண்டும். சதுர டியூபுக்கு ஹேக்ஸாவில் நேர்வெட்டு போதும். '25 மி.மீ. பைப்' என்பதன் வெளிவிட்டம் உண்மையில் 33.7 மி.மீ. என்பதும் அளவெடுப்பவரைக் குழப்பும். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆகவே வெல்டிங்கின்போது வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும்.

எந்த டியூப் வாங்கினாலும் கால்களுக்கு இடையே ஒரு குறுக்குச் சட்டமாவது சாய்வாக வையுங்கள். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. முதலில் டேக் மட்டும் வைத்து, மூலைக்கு மூலை அளந்து, இரண்டும் சமமானபின் முழு வெல்டிங். டியூபின் வாய்களைத் தகடு வைத்து அடைப்பது நல்லது, உள்ளே ஈரம் போகாது. ஆனால் பின்னால் துத்தநாகத் தொட்டியில் முக்கிப் பூச்சு போடும் எண்ணமிருந்தால் காற்றுப் போக்குக்கு ஓட்டைகள் விட்டே ஆகவேண்டும். 450 டிகிரியில் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து டியூபையே வெடிக்க வைக்கும்.