எழுந்திருங்க, முதலமைச்சரே!

ஷ்... செருப்பை இங்கேயே விட்டுட்டு வாங்க. இன்று ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். விருதுநகர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் மேடைத் திரைக்குப் பின்னால் நுழைந்துவிட்டோம்! முன்னால் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டே போகிறார். இங்கே மூன்று காமராஜர்கள் வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார்கள்.

சின்னக் காமராஜர் நான்காம் வகுப்பு, இளம் காமராஜர் ஏழாம் வகுப்பு. முதலமைச்சர் எட்டாம் வகுப்பு. அவர் தலையில் நரைக்காக டீச்சர் பவுடரைக் கொட்ட, ஒரு தும்மல்! மை பென்சில் மீசை கன்னம்வரை இழுபடுகிறது. "அசையாதடா, நீ சி.எம்.!" "சி.எம்.முக்கு மூக்கு அரிக்கக் கூடாதா மிஸ்?" வேட்டியை இறுக்கிப் பிடித்திருப்பது என்னவென்று எட்டிப் பாருங்கள். ஸ்கூல் பெல்ட்!

முதல் காட்சி துணிக்கடை. காமராஜருக்கு ஆறு வயதாகும்போதே அப்பா குமாரசாமி போய்விட்டார். அம்மா சிவகாமி பாடுபட்டு வளர்த்தும் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது, பையன் மாமாவின் துணிக்கடைக்குப் போனான். மேடையில் அடுக்கியிருக்கும் துணியெல்லாம் டீச்சர்மாரின் துப்பட்டாக்கள். சின்னவன் அதை மடிக்கிற அழகைப் பார்த்து ஒரு டீச்சர் கிசுகிசுக்கிறார்: "எங்க வீட்டுக்கு வர்றியாடா?"

அடுத்தது 1930, வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம், முதல் சிறைவாசம். தட்டில் குவித்திருந்தது நிஜமான கல் உப்பு. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூலையில் இரண்டு போலீஸ்காரர்கள் மாங்காய்க் கீற்றைத் தொட்டுத் தொட்டுத் தின்று அதில் பாதியைக் காலி பண்ணிவிட்டார்கள்!

இப்போது நாடகத்தின் பெரிய பொருள் உள்ளே வருகிறது: தலைமை ஆசிரியர் அறையிலிருந்து தூக்கி வந்த நாற்காலி. மொத்த நாடகத்துக்கும் இது ஒன்றுதான். 1941-இல் சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், வெளியே வந்ததுமே விலகினார். முழுநேரம் உழைக்க முடியாத பதவி எதற்கு என்ற கணக்கு. இளம் காமராஜர் உட்கார்ந்த சூடு ஆறுமுன் எழ, நாற்காலியை ஓரமாக இழுக்கிறார்கள்.

1954 ஏப்ரல் 13. முதலமைச்சர்! அவரையும் சேர்த்து அமைச்சரவையில் எட்டே பேர். அந்த எட்டுப் பேருக்கே மேடை போதவில்லை, கடைசி அமைச்சரின் பாதி உடம்பு நம்மோடுதான் நிற்கிறது. சி. சுப்பிரமணியமாக நடிக்கும் பையனுக்குப் பெரிய சந்தேகம். "நான்தான் அவரை எதிர்த்துப் போட்டி போட்டேன். அப்புறம் எப்படி மிஸ் என்னையும் மந்திரி ஆக்குனாரு?" டீச்சர் அவன் துண்டைச் சரிசெய்கிறார். "வேலை தெரிஞ்சவன்னு நெனச்சிருப்பார். வசனத்தை மறந்து அவர் மானத்தை வாங்கிராத."

1956, மதிய உணவுக் காட்சி. தட்டுகள் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்தவை. சமையலக்கா கையில் கரண்டியோடு பின்வாசலில் காவல் நிற்கிறார். "பன்னெண்டரைக்கு எனக்குத் தட்டு வேணும், சொல்லிட்டேன்!"

எல்லாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது கடைசிக் காட்சிக்கு. 1963 அக்டோபர் 2. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற தன் திட்டப்படி, காமராஜரே முதலமைச்சர் பதவியை விடுகிறார். ஒத்திகையில் பையனைப் பாடாய்ப் படுத்தியது இந்த இடம்தான். திட்டு வாங்கியவன் மாதிரியே எழுந்தானாம். கடைசியில் டீச்சர் ஒரு வழி சொன்னாராம்: "பஸ்ஸுல பாட்டிக்கு எடம் விடுவியே, அப்படி எந்திரி."

துணிக்கடையிலிருந்து கோட்டைவரை ஏறிய கதை இது. ஆனால் நாற்காலியில் உட்காரச் சொல்லித்தர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம், எழச் சொல்லித்தரத்தான் அத்தனை ஒத்திகை! திரை இடுக்கில் கண்ணை வையுங்கள். பையன் எழுகிறான், துண்டை உதறித் தோளில் போடுகிறான், திரும்பிப் பார்க்காமல் நம் பக்கம் நடந்து வருகிறான். வெளியே கைதட்டல் கூரையைப் பிய்க்கிறது.

நம்மைக் கண்டதும் முதலமைச்சரின் முதல் கேள்வி, "மணி என்னாச்சு?" பன்னிரண்டரை. தட்டு ஊர்வலம் கிளம்பிவிட்டது. போலீசும் மந்திரிகளும் வேஷத்தைக் கலைக்காமலே சத்துணவு வரிசைக்குப் பறக்கிறார்கள். முதலமைச்சர் மட்டும் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார்: "டேய், முட்டை தீர்ந்துரும்டா! எனக்கும் எடம் போடு!"