தொகுப்பானை மூலத்திலிருந்து ஆக்குதல்

மாந்தர் எழுதும் மூலநிரலைப் பொறி விளங்கும் மொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பான் எனப்படும். அதுவும் ஒரு செய்நிரலே; ஆதலின் அதனையும் வேறொரு தொகுப்பானே ஆக்கித் தருதல் வேண்டும். கருவியைக் கொண்டே கருவி செய்யும் இம்முயற்சியில் தோன்றும் இடர்களையும், அவற்றைக் களையும் முறையினையும் ஈண்டு ஆராய்வாம்.

றிச்சாட் ஸ்ரோல்மன் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜீ.சீ.சீ. என்னும் தொகுப்பானை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலையைப் பல இழைகளாகப் பகுத்து ஒருங்கே இயற்றுதற்கான ஓப்பின் எம்.பீ. என்னும் விதிமுறை 1997 இல் தோன்றியது. 2007 இல் வெளிவந்த 4.2 ஆம் பதிப்பு முதல் ஜீ.சீ.சீ. அதனை ஏற்று வருகின்றது. இழைகளை ஆக்கி நடத்துவது லிப்கோம்ப் என்னும் துணை நூலகமாகும்.

முதல் இடர் அமைவாக்கத்திலேயே எழும். பேரெண்களையும் தசமங்களையும் சிக்கலெண்களையும் கணிக்கும் ஜீ.எம்.பீ., எம்.பீ.எவ்.ஆர்., எம்.பீ.சீ. என்னும் மூன்று நூலகங்களும் இல்லையேல் வேலை நின்றுவிடும். அவற்றைக் கொணரும் சிறு செய்நிரல் மூலத்துடனேயே வருகின்றது. மூலம் உள்ள கோப்புறையிலன்றி வேறொரு கோப்புறையில் ஆக்குதலே நன்று. 64 பிற்றுப் பொறியில் 32 பிற்று நூலகத்தின் தலைப்புக் கோப்புக்கள் இல்லாவிடின் இடைவழியிற் பிழை தோன்றும். 32 பிற்று ஆக்கம் வேண்டாதார் அமைவாக்கத்தின்போதே அதனை விலக்கிவிடலாம்.

விரைவு கருதிப் பல வேலைகளை ஒருங்கே நடத்தின், நினைவகம் போதாது தொகுப்பான் இடையிற் கொல்லப்படுதலும் உண்டு. அன்றியும், பல வேலைகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து வருதலின், இறுதி வரி உண்மைக் காரணத்தை உரைப்பதில்லை. ஒரு வேலையாக மீண்டும் நடத்தின் முதற் பிழை வெளிப்படும்.

வழக்கமான ஆக்கம் மூன்று கட்டங்களையுடையது. பழைய தொகுப்பான் முதலாவதை ஆக்கும். முதலாவது இரண்டாவதை ஆக்கும். இரண்டாவது மூன்றாவதை ஆக்கும். பின்னைய இரண்டின் விளைவுகளும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், பழைய தொகுப்பானின் வழுவோ நினைவகப் பழுதோ காரணமாதல் கூடும். இவ்வொப்பீட்டை நேரமிச்சங் கருதித் தவிர்ப்பது அறிவுடைமை அன்று.

ஆக்கம் முற்றிய பின்னும் ஐயம் தீர்ந்ததாகாது. செய்நிரல் ஓடும்போது பழைய லிப்கோம்ப் நூலகம் பற்றப்படலாம். அல்லது நூலகமே அகப்படாது போகலாம். புதிய நூலகம் உள்ள இடத்தை முறைமைக்கு அறிவித்தலே அதற்குப் பரிகாரம். ஓப்பின் எம்.பீ.க்குரிய தெரிவைத் தொகுக்கும்போது கொடாதுவிடின், அதற்குரிய கட்டளை வரிகள் புறக்கணிக்கப்படும். செய்நிரலோ ஒரே இழையில், பிழை எதுவும் கூறாது ஓடும்.

ஆகவே, சிறு சோதனை ஒன்று செய்க. இழைகளின் தொகையை அச்சிடுவித்து, 1 முதல் 10,000 வரையுள்ள எண்களைப் பல இழைகளாற் கூட்டுவிக்க. ஒவ்வொரு முறையும் 50,005,000 வருதல் வேண்டும். ஓரிழையிற் சரியாகவும் பல இழைகளில் முறைக்கொரு விடையாகவும் வருமாயின், பெரும்பாலும் குற்றம் தொகுப்பானிடத்தன்று. இழைகள் ஒரே மாறியைக் காவலின்றி எழுதும் செய்நிரலிடத்ததே.

நின்றுபோகும் பொறி தன் குறையைத் தானே உரைக்கும். ஓடிக்கொண்டே பிழையான விடை தரும் பொறியோ, அதனை நம்பிய ஆய்வு முழுவதையும் கெடுக்கும். நோயின் முதலை நாடுக என மருத்துவர்க்கு வள்ளுவர் வகுத்த நெறி கணனியாளர்க்கும் உரியதேயாம்.