ஷியர் போல்ட் திரும்பத் திரும்ப முறிஞ்சா என்ன பண்றது?

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்டது)

கனடாவில், ஒன்டாரியோவிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "டிராக்டர்ல மாட்டுற ஸ்னோ புளோவர்ல ஒரே வாரத்துல நாலு ஷியர் போல்ட் போயிடுச்சு. இன்னும் கெட்டியான போல்ட் போட்டுடலாமா?"

போடவே கூடாதுங்க. அந்த போல்ட்டை வச்சிருக்கிறதே முறியறதுக்குத்தான். வீட்டுல ஃபியூஸ் மாதிரி. பனிக்குள்ள கல்லோ, இறுகிப்போன செய்தித்தாள் கட்டோ சிக்கினா, போல்ட் முறிஞ்சு கியர் பாக்ஸைக் காப்பாத்தும். கெட்டி போல்ட் போட்டா அந்த அடி நேரா கியர் பாக்ஸுக்குத்தான் போகும். கையேட்டில் சொன்ன கிரேடு, சொன்ன அளவு, அவ்வளவுதான்.

முதல்ல எது முறிஞ்சிருக்குன்னு பார்க்கணும். முன்னால பனியை அள்ளிக் கொடுக்கிற திருகு, அதாவது ஆகர். அதுக்குப் பின்னால, பனியைக் குழல் வழியா வீசுற விசிறி. ரெண்டுக்கும் சக்தி டிராக்டரோட பி.டி.ஓ.விலிருந்து வருது. விசிறி சுத்தி ஆகர் நின்னா, ஆகர் பக்க போல்ட். பி.டி.ஓ. சுத்தியும் ரெண்டுமே நின்னா, இணைப்புத் தண்டுல இருக்கிற போல்ட்டைப் பாருங்க. இதையெல்லாம் சீட்ல உட்கார்ந்தபடியே கவனிக்கலாம். இறங்கணும்னா பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, சாவியைக் கையில எடுத்துக்கிட்டு இறங்குங்க. குழல்ல அடைச்ச பனியைக் கையால தொடாதீங்க, குச்சியால தள்ளுங்க. எஞ்சின் நின்ன பிறகும் உள்ளே இறுக்கம் மிச்சமிருக்கும். அடைப்பு விலகின நொடியில அது சுத்தி விரலை வாங்கிடும்.

இனி காரணம். சரளைக்கல் பாதைன்னா, பக்கவாட்டு சறுக்குத் தகடு ரொம்ப மேலே ஏத்தி மாட்டியிருக்கலாம். கொஞ்சம் இறக்கி வச்சா ஆகர் தரையை விட்டு எழும்பி நிற்கும். எஞ்சின் வேகமா ஓடும்போது பி.டி.ஓ.வை மாட்டினாலும் போல்ட் முறியும். குறைஞ்ச வேகத்துல மாட்டி, பிறகு 540 சுற்றுக்கு ஏத்துங்க. (பல இயந்திரங்களுக்கு 540தான், உங்க கையேட்டைப் பாருங்க.) வேகம் அதுக்குக் கீழே இருந்தா ஈரப்பனி எட்டிப் போய் விழாது, குழல்லயே அடைக்கும். போல்ட் ஓட்டை தேஞ்சு முட்டை வடிவமாயிருந்தா, புது போல்ட்டும் ஆடி ஆடியே முறியும். அப்புறம், ஊராட்சி வண்டி வாசல்ல ஒதுக்கிட்டுப் போற பனி வரப்பு இருக்கே, அது கல்லு மாதிரி. அதுக்குள்ள மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா நுழையணும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. வருஷக்கணக்கா போல்ட்டே முறியலைன்னு சிலர் பெருமைப்படுவாங்க. எனக்கு அதுதான் பயம். ஆகர் துருப்பிடிச்சுத் தண்டோட ஒட்டியிருந்தா போல்ட் முறியவே வழியில்லை, முழு அடியும் கியர் பாக்ஸுக்குத்தான். பனிக்காலத்துக்கு முன்னாடி எஞ்சினை அணைச்சுட்டு, போல்ட்டைக் கழட்டி, ஆகரைக் கையால திருப்பிப் பாருங்க. தண்டு மேல தனியா சுத்தணும். சுத்தலைன்னா துரு இளக்கும் எண்ணெய் விட்டு, அசைச்சு விடுவிச்சு, கிரீஸ் அடிங்க.

சரியான போல்ட் ஒரு டஜன், ரெண்டு ஸ்பேனர், முறிஞ்ச துண்டைத் தட்டி எடுக்க ஒரு பஞ்ச், சுத்தியல் எல்லாம் டிராக்டர்லயே இருக்கட்டும். காலையில அஞ்சு மணிக்கு, மைனஸ் 20-ல, எந்தக் கடையும் திறந்திருக்காது.