நெஞ்சு வலிக்குப் பத்து மதிப்பெண்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒரு கல் உண்டு. தீராத வழக்கென்றால் அங்கே போய்ச் சத்தியம் செய்வார்கள். பொய் சொன்னவர் தப்ப முடியாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நெஞ்சு வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரின் ரத்தத்தில் மருத்துவர் தேடுவதும் அப்படியொரு சாட்சியைத்தான். அதன் பெயர் ட்ரோபோனின். இதயத் தசைக்குள் இருக்கும் புரதம் இது. தசை சேதப்பட்டால் ரத்தத்தில் கசியும். ஆனால் இந்தச் சாட்சி தாமதமாக வரும். வலி தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்புக்காரரின் ரத்தத்திலும் அது இயல்பான அளவில் இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் ஈசிஜி. நோயாளி உள்ளே வந்த பத்து நிமிடத்துக்குள் அதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. எஸ்டி என்னும் பகுதி மேலே தூக்கியிருந்தால் பெரும்பாலும் ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருக்கிறது என்று பொருள். அதற்குமேல் கணக்குப் பார்க்க நேரமில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி. ஈசிஜியில் எதுவும் தெளிவாகத் தெரியாத நோயாளிதான் மருத்துவருக்குக் கடினம். வாயுப் பிடிப்பா, தசை வலியா, மாரடைப்பின் தொடக்கமா?

இந்தக் குழப்பத்துக்காக நெதர்லாந்தின் யாக்கோப் சிக்ஸ், பார்பரா பாக்கஸ் ஆகியோர் 2008-ல் வெளியிட்டதுதான் 'ஹார்ட்' மதிப்பெண். நோயாளி சொல்லும் விவரம், ஈசிஜி, வயது, ஆபத்துக் காரணிகள் (சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் போன்றவை), ட்ரோபோனின் என ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. பிறகு பத்து மருத்துவமனைகளில் 2,440 பேரிடம் சோதித்தார்கள். 3 வரை பெற்றவர்களில் ஆறு வாரத்துக்குள் மாரடைப்பு போன்ற பெரிய இதயச் சிக்கலுக்கு ஆளானவர்கள் 1.7 சதவீதம், 7 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் பாதிப் பேர்.

ஐந்தில் எனக்கு முக்கியமாகப் படுவது முதலாவது. நடக்கும்போது நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போல் அழுத்தியதா, இடது கைக்கோ தாடைக்கோ பரவியதா, வியர்த்துக் கொட்டியதா என்று பொறுமையாகக் கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வயதுக் கணக்கில் மட்டும் நம் ஊரில் எச்சரிக்கை தேவை. 45-க்குக் கீழே இருந்தால் வயதுக்குச் சுழியம்தான். ஆனால் ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்கு மாரடைப்பு பல ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வாந்தியுமாக வருவதும் உண்டு. பெண்கள் சொல்லும் களைப்பை வீட்டில் யாரும் நெஞ்சோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

திருவாமாத்தூர்க்காரருக்கு விழுப்புரம் பக்கம்தான். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டாத தூரமில்லை. தாமதம் பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கிறது. சோடா, ஓமத் தண்ணீர், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு. இந்தத் தாமதத்தையும், ஊர் மருத்துவமனைக்கும் பெரிய மருத்துவமனைக்கும் இடையிலான இடைவெளியையும் குறைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி குழுவினர் சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

2023-ல் வந்த தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் என 14 மாத்திரைகளை ஒரே தடவையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுத்து, போகும் வழியில் தசையைக் காப்பாற்றுகிற முயற்சி அது.

ஒரு ஈசிஜி 'நார்மல்' என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வலி நீடித்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது ட்ரோபோனின் பரிசோதனைக்குக் காத்திருங்கள். பழைய ஈசிஜி தாள் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். இன்றைய கோட்டில் புதிதாக மாறியது எது, முன்பே இருந்தது எது என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் பிரித்தறிவார்.