உள்ளத்தின் பிணிக்கும் மருந்துண்டு

உடல் நோயுற்றால் வைத்தியசாலைக்கு விரையும் நாம், உள்ளம் நோயுற்றால் ஊராருக்கு அஞ்சி மறைக்கின்றோம், ஓதிப்பார்ப்பதோடு நின்றுவிடுகின்றோம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. எந்த நோயையும் அல்லாஹ் நிவாரணமின்றி இறக்கவில்லை என்று கற்பித்த நபி (ஸல்) அவர்கள், சிகிச்சை பெறுமாறும் பணித்தார்கள்.

கி.பி. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அமைத்த வைத்தியசாலையில் மனநோயாளருக்கும் இலவசமாகவே சிகிச்சை அளிக்கப்பட்டது. அதன் செலவை வக்பு சொத்துக்களின் வருமானம் தாங்கியது. உள்ளத்தின் நோயைத் தீர்ப்பதும் பொதுப் பொறுப்பே என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

நம் நாட்டிலும் அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இச்சேவை மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும், தூரக் கிராமத்து ஏழைத் தாய்க்குக் கிளினிக் செல்லும் பஸ் கட்டணமும் அன்றைய கூலியிழப்பும் பெருஞ்சுமையாகும். இடையில் மருந்து நின்றால் நோய் மீளக்கூடும். எனவே, மனநலத்திற்குப் போதிய நிதி ஒதுக்குமாறு அரசிடம் கோருவோம். பள்ளிவாசல் பைத்துல்மாலிலும் நோயாளரின் பயணச் செலவுக்கென ஒரு பங்கு வைப்போம்.

இளைஞர்களே! மனச்சுமை தாங்காத வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள். பெற்றோரே! பிள்ளை மனந்திறந்தால் ஏசாது கேளுங்கள். பிள்ளையின் உள்ளமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே.