பிள்ளையின் படிப்புக் கடனும் தந்தையின் நாணயமும்

வியாபாரிக்குப் பெட்டியில் இருக்கும் பணம் மட்டும் முதல் அல்ல, நாணயமும் முதல்தான். பிள்ளையின் கல்விக் கடன் நிலுவையால் அந்த முதல் கரைவதை நாம் கண்ணால் கண்டோம்.

அரியமங்கலத்தில் நம்மிடம் பருப்பும் எண்ணெயும் எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர், திங்கட்கிழமைதோறும் பாக்கியைத் தீர்க்கத் தவறாதவர். 2022-ல் கடையைப் பெரிதாக்க வங்கியில் ஓ.டி. கேட்டார். மேலாளர் கணிப்பொறியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். மகனின் பொறியியல் படிப்புக்கு 2014 முதல் நான்கு ஆண்டுகளில் வாங்கிய 3 லட்சம், வட்டியுடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நின்றது.

"கடன் பையன் பேரில்தானே அண்ணே?" என்று நம்மிடம் கேட்டார். அங்கேதான் தவறு. கல்விக் கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளி. நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. ஆனால் நம் கையெழுத்து இருக்கிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் அது வராக்கடன். பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரும் சிபில் ஏட்டில் கெடும்.

பையனுக்குக் கிடைத்த சம்பளம் குறைவு. வெட்கப்பட்டு வங்கிப் பக்கம் போகவில்லை. வந்த கடிதங்களையும் பிரிக்கவில்லை. முதல் தவணை தவறியபோதே போயிருந்தால் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்டிருக்கலாம். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10-ல் வந்தது. அதையும் அவர் கேட்கவில்லை.

நிலுவைக் கணக்கு கைமாறுவதும் உண்டு. பாரத ஸ்டேட் வங்கி தன் கல்விக் கடன் பாக்கிகளை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்ததும், வசூல் நெருக்கடியும் 2016-ல் தமிழ்நாட்டில் பெரும் பேச்சாயிற்று. கணக்கு வங்கியிடம் இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

நாம் அவருடன் கிளைக்குப் போனோம். அசல், வட்டி, அபராத வட்டி என்று பிரித்துக் கணக்குச் சீட்டு கேட்டோம். கொள்முதலில் பேரம் பேசத் தெரிந்த நமக்கு இங்கே மட்டும் ஏன் கூச்சம்? பிறகு மக்கள் நீதிமன்றத்தில் 3 லட்சத்து 75 ஆயிரத்துக்குத் தீர்வாயிற்று. அன்றே ஒரு பகுதி, மீதி மூன்று மாதத்தில். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கு ஏற்படும் சமரசத்தின் மேல் அப்பீலும் இல்லை. ஆகவே கெடுவுக்குள் கட்ட முடிந்த தொகைக்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடன் தீர்ந்தது, ஆனால் வடு நின்றது. முழுதும் கட்டினால் 'முடிந்தது' என்று பதியும். தள்ளுபடி பெற்றால் 'சமரசத்தில் தீர்ந்தது' என்று பதியும். புதுக் கடன் தருபவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அவருக்கு இன்னும் ஓ.டி. கிடைக்கவில்லை. நம் பேரேட்டில் அவர் நாணயஸ்தர். சரக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வங்கி நம் பேரேட்டைப் பார்ப்பதில்லையே!

உறுப்பினர்கள் மனதில் கொள்ள வேண்டியவை:

1. தவணை தவறினால் அந்த மாதமே பிள்ளையுடன் கிளைக்குச் செல்லுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள்.

2. முடிந்தால் முழுதும் கட்டுங்கள். முடியாதபோதே சமரசம்.

3. வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தொகையும் கெடுவும் உள்ள வங்கிக் கடிதம் கையில் வரட்டும்.

4. வசூலுக்கு வருபவரிடம் ரொக்கம் தர வேண்டாம்; கடன் கணக்கிலேயே கட்டுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

5. முடிந்ததும் பாக்கியில்லாச் சான்று பெறுங்கள். சிபில் பதிவு திருந்தியதா என்றும் பாருங்கள். புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நம்மிடம் பாக்கி வைத்தவர் நேரில் வந்து நிலைமையைச் சொன்னால் தவணை கொடுக்கிறோம். தலைமறைவானவர் மேல்தான் கோபம் வருகிறது. வங்கியும் அப்படித்தான். பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல் கூடவே அழைத்துச் சென்று முகம் காட்டுங்கள்.